இரு நாட்டு வாழ்க்கை, இணைய வருமானம்: வரி எந்த நாட்டுக்கு?

கானாடுகாத்தானில் பூர்வீக வீடு, அதில் தாயார். மனைவி மக்களோடு வாழ்வது கொழும்பில். 1941-42ஆம் கணக்கு ஆண்டில் அந்தச் செட்டிநாட்டு வணிகர் ஏழு முறை இந்தியா வந்து மொத்தம் 101 நாள் தங்கிச் சென்றார். அவருடைய கூட்டுக்குடும்பம் வரிக் கணக்கில் எந்த நாட்டுக்குரியது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சுப்பையா செட்டியார் வழக்கு என்று வரி வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் அதன் தீர்ப்பு 1950 டிசம்பரில் வந்தது. ஊரில் ஒரு வீடு இருக்கிறது என்பதாலேயே குடும்பத்தின் நிர்வாகம் இந்தியாவில் இருந்ததாக ஆகிவிடாது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் நிர்வாகம் முழுவதும் வெளிநாட்டிலேயே நடந்தது என்று நிறுவும் பொறுப்பு குடும்பத்தின் மேல் இருந்தது. அதற்கு வேண்டிய ஆவணங்கள் முன்வைக்கப்படவில்லை. ஆகவே குடும்பம் இந்திய வதிவாளர் என்றே முடிவாயிற்று.

அன்று இப்படிப்பட்ட கேள்வி கப்பலேறிக் கடல் கடந்து வணிகம் செய்தவர்களுக்கு மட்டுமே எழுந்தது. இன்று அது மடிக்கணினி வைத்திருக்கும் இருபத்தைந்து வயது இளைஞருக்கும் எழுகிறது. சென்னையில் நிரல் எழுதக் கற்று, ஜெர்மன் நிறுவனம் ஒன்றுக்கு ஃப்ரீலான்ஸ் வேலை செய்து, ஆண்டில் சில மாதம் தாய்லாந்திலும் சில மாதம் துபாயிலும் இருக்கும் ஒருவர் யாருக்கு வரி கட்ட வேண்டும்? யூடியூப் அலைவரிசை நடத்துபவர், அயலூர் மாணவர்களுக்குத் திரைவழி பாடம் சொல்பவர், கடையே இல்லாமல் மின்நூல் விற்பவர் என எல்லோருக்கும் இதே கேள்விதான். சட்டங்கள் இதற்கு எப்படி விடை சொல்கின்றன, எங்கே தடுமாறுகின்றன, என்ன மாற வேண்டும் என்பதை இக்கட்டுரை ஒருசேரப் பார்க்கிறது. இதன் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: எந்த நாட்டுக்கும் உட்படாமல் நழுவிக்கொண்டே இருப்பது பாதுகாப்பு அல்ல, ஒரு நாட்டில் முறையாகவும் சான்றோடும் வதிவாளராக இருப்பதுதான் பாதுகாப்பு. அதைச் சாமானியரும் எளிதாகச் செய்ய வழி அமைத்துத் தருவது அரசுகளின் கடமை.

இரண்டு உரிமைகள்

வரி கேட்க ஒரு நாட்டுக்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். ஆள் இங்கே வாழ்கிறார் என்பது ஒன்று. பணம் இங்கே விளைகிறது என்பது மற்றொன்று. முதலாவது வதிவிட உரிமை. இரண்டாவது மூல உரிமை. ஆள் ஒரு நாட்டிலும் விளைச்சல் இன்னொரு நாட்டிலும் இருந்தால் இரண்டு நாடுகளும் கை நீட்டும். முதல் உலகப் போருக்குப் பின் இந்தச் சிக்கலை ஆராய நாடுகளின் சங்கம் புரூயின்ஸ், எய்னவ்டி, செலிக்மன், ஸ்டாம்ப் என்ற நான்கு பொருளியலாளர்களை நியமித்தது. ஒருவருடைய பொருளாதாரப் பிணைப்பு எந்த நாட்டோடு எவ்வளவு என்று பார்த்து வரி உரிமையைப் பகிர வேண்டும் என்பது 1923இல் அவர்கள் அளித்த அறிக்கையின் மையக் கருத்து. 1963இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி. வெளியிட்ட மாதிரி ஒப்பந்த வரைவும், 1980இல் ஐ.நா. வெளியிட்ட மாதிரி ஒப்பந்தமும், இன்று நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்டிருக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்களும் இந்தப் பாதையில் வந்தவையே.

இணைய வருமானம் இந்த ஏற்பாட்டின் இரண்டு கால்களையும் அசைத்துவிட்டது. ஆள் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. பணம் விளையும் இடம் எது என்பதும் தெளிவாக இல்லை. வேலை செய்த மேசையா, வாடிக்கையாளரின் நாடா, காணொளியைப் பார்த்தவரின் நாடா, பணம் வந்து சேர்ந்த வங்கியா? ஒவ்வொரு வகை வருமானத்துக்கும் விடை மாறுகிறது.

நாள்களின் கணக்கு

வதிவாளரா இல்லையா என்பதை முடிவு செய்யப் பெரும்பாலான நாடுகள் நாள்களை எண்ணுகின்றன. இந்தியச் சட்டத்தின் அடிப்படை எண் 182. ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் வதிவாளர். இன்னொரு விதியும் உண்டு: அந்த ஆண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்திருந்தாலும் வதிவாளர்தான். வேலைக்காக வெளிநாடு புறப்படும் இந்தியக் குடிமக்களுக்குப் புறப்படும் ஆண்டில் இந்த 60 என்பது 182 ஆகத் தளர்கிறது. சொந்தத் தொழில் செய்வதற்காகப் புறப்படுவதும் இச்சலுகையில் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஃப்ரீலான்ஸ் செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு இது. வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு ஊருக்கு வந்துபோகும் குடிமக்களுக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் 182 நாள் வரம்பு உண்டு. ஆனால் வெளிநாட்டு வருமானம் நீங்கலாக அவர்களுடைய மொத்த வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால், 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி அந்த வரம்பு 120 நாளாகச் சுருங்கும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் எடுத்துக்கொண்டாலும், இந்த அடிப்படை எண்கள் தொடர்கின்றன.

பிரிட்டனில் நீண்ட காலம் நீதிமன்றங்களே இதைத் தீர்மானித்தன. வீட்டை விட்டுவிட்டு நிலையான இருப்பிடம் இல்லாமல் ஹோட்டல்களில் தங்கி, ஆண்டில் நான்கைந்து மாதம் மட்டும் நாட்டுக்கு வந்துபோன லெவீன் என்பவரை வதிவாளர் என்றே 1928இல் பிரபுக்கள் அவை தீர்த்தது. தெளிவின்மை பெருகவே, 2013 ஏப்ரலில் சட்டபூர்வ வதிவிடச் சோதனை வந்தது. அதில் நாள் எண்ணிக்கையோடு குடும்பம், தங்குமிடம், வேலை போன்ற பிணைப்புகளும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. அண்மைக் காலம் வரை அங்கு வதிவாளராக இருந்து வெளியேறிய ஒருவருக்கு மூன்று பிணைப்புகள் மிச்சமிருந்தால், ஆண்டில் 46 நாள் தங்கினாலே மீண்டும் வதிவாளர் ஆகிவிடுவார். பொதுவாக நள்ளிரவில் நாட்டுக்குள் இருந்தால்தான் அது ஒரு நாளாக எண்ணப்படும்.

அமெரிக்காவின் கணக்கு வேறு. இந்த ஆண்டின் நாள்களோடு சென்ற ஆண்டில் மூன்றில் ஒரு பங்கையும் அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கையும் கூட்டி 183 ஆகிறதா என்று பார்ப்பார்கள். ஆண்டுதோறும் 122 நாள் தங்கினாலே எல்லையைத் தொட்டாயிற்று. மேலும், அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

தாய்லாந்தில் வரம்பு 180 நாள், மலேசியாவில் 182, சிங்கப்பூரிலும் இலங்கையிலும் 183. ஆண்டுக் கணக்கும் ஒத்துப்போவதில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் ஏப்ரல் 1, பிரிட்டனில் ஏப்ரல் 6, அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் ஜனவரி 1. ஆகவே ஒரே பயணம் ஒரு நாட்டில் ஓராண்டுக்குள்ளும் இன்னொரு நாட்டில் ஈராண்டுகளாகப் பிரிந்தும் விழும்.

ஒரே மேசை, இரு வேறு விதிகள்

வதிவாளர் என்று ஆனபின், பொதுவாக, உலகம் முழுவதிலிருந்தும் வரும் வருமானம் இந்தியாவில் வரிக்குட்படும். வதிவாளர் அல்லாதவருக்கு இந்தியாவில் விளைந்த அல்லது இந்தியாவில் பெறப்பட்ட வருமானம் மட்டுமே கணக்கு. இங்கே "பெறப்பட்ட" என்பதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் உழைத்த கூலியை வாடிக்கையாளர் நேராக இந்திய வங்கிக் கணக்கில் செலுத்தினால், அது இந்தியாவில் பெறப்பட்ட வருமானம் என்ற வாதம் எழக்கூடும். வெளிநாட்டுக் கப்பல் மாலுமிகளுக்கு இதே தொல்லை வந்தது. வதிவாளர் அல்லாத மாலுமியின் சம்பளம் வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஈ. வங்கிக் கணக்கில் விழுந்தது என்ற ஒரே காரணத்துக்காக வரி விதிக்கக் கூடாது என்று 2017இல் மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. அந்தச் சுற்றறிக்கை மாலுமிகளுக்கு மட்டுமே உரியது. இணையத்தில் உழைப்பவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. அவர்கள் முதலில் வெளிநாட்டுக் கணக்கில் பெற்றுக்கொண்டு, பிறகு ஊருக்கு அனுப்புவதுதான் நல்லது.

வருமானத்தின் வகை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்கச் சட்டம் நல்ல எடுத்துக்காட்டு. மதுரையில் உட்கார்ந்து அமெரிக்க நிறுவனத்துக்கு நிரல் எழுதித் தருபவரின் கூலி, வேலை நடந்த இடமான இந்தியாவில் விளைந்ததாகவே அமெரிக்கா கருதுகிறது. அதற்கு அங்கே வரி இல்லை. அதே மேசையிலிருந்து அதே ஆள் யூடியூபில் காணொளி போட்டால் கதை மாறுகிறது. விளம்பரப் பங்கை உரிமத்தொகை வகையில் சேர்த்து, அமெரிக்கப் பார்வையாளர்களால் கிடைக்கும் பங்கிலிருந்து 2021 ஜூன் முதல் கூகுள் வரி பிடிக்கிறது. 1000 டாலர் வருமானத்தில் 100 டாலர் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வரித் தகவலே தராத தனிநபரிடம் மொத்தத் தொகையில் 24 சதவீதம், அதாவது 240 டாலர் வரை பிடிக்கப்படும். படிவம் தந்தும் ஒப்பந்தச் சலுகை கோராதவருக்கு 30 டாலர். இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தின் 15 சதவீத விகிதத்தைக் கோரியவருக்கு 15 டாலர். ஒரு படிவத்தை நிரப்புவதா வேண்டாமா என்பதில் இவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது.

அந்த 15 டாலரை இந்திய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வருமானத்தின் மேல் இந்தியாவில் விழும் வரி எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் கழிவு. புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள வதிவாளருக்கு 2025-26 முதல் தள்ளுபடியால் இந்திய வரியே இல்லாமல் போகிறது. வரியே இல்லாதவருக்குக் கழிக்க எதுவும் இல்லை. அமெரிக்கா பிடித்தது போனதுதான். நிறையச் சம்பாதிப்பவருக்கு முழுதாகத் திரும்பும் தொகை குறைவாகச் சம்பாதிப்பவருக்கு இழப்பாகிறது. இது நியாயம் அல்ல.

இருவர் கேட்டால்

இரண்டு நாடுகளும் ஒருவரை வதிவாளர் என்று சொன்னால், ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு படிப்படியாக வழி காட்டுகிறது. முதலில் நிரந்தர வீடு எங்கே என்று பார்க்க வேண்டும். இரண்டிலும் இருந்தால், குடும்பமும் தொழிலும் உறவும் எந்த நாட்டோடு நெருக்கம் என்று பார்க்க வேண்டும். அதிலும் தெளியாவிட்டால் வழக்கமாக எங்கே தங்குகிறார், அடுத்து எந்த நாட்டுக் குடிமகன் என்று போகும். எதிலும் தீராவிட்டால் இரு நாட்டு அதிகாரிகளும் பேசி முடிப்பார்கள்.

தனித்தொழில் செய்பவர்களுக்கு இந்திய ஒப்பந்தங்கள் பலவற்றில் இன்னொரு காப்பும் இருக்கிறது. சுதந்திரத் தொழில் சேவைகளுக்கான பிரிவை ஓ.இ.சி.டி. 2000ஆம் ஆண்டில் தன் மாதிரியிலிருந்து நீக்கிவிட்டது. இந்தியாவின் ஒப்பந்தங்கள் பலவற்றில் அது நிலைத்திருக்கிறது. இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தின்படி, ஓர் இந்திய வதிவாளர் அமெரிக்காவில் நிலையான பணியிடம் வைத்திருந்தாலோ அந்த ஆண்டில் 90 நாளோ அதற்கு மேலோ தங்கினாலோதான் அத்தகைய தொழில் வருமானத்தின் மேல் அமெரிக்கா வரி கேட்கலாம்.

இந்த உரிமைகள் எல்லாவற்றுக்கும் திறவுகோல் ஒன்றே: தான் வாழும் நாட்டின் வரித் துறை தரும் வதிவிடச் சான்றிதழ். அது இல்லாமல் இந்தியாவில் ஒப்பந்தச் சலுகை கோர முடியாது. நிர்வாகம் வெளிநாட்டில் நடந்ததை ஆவணத்தால் நிறுவ முடியாமல் போன சுப்பையா செட்டியார் வழக்குக்கும் இன்றைய நிலைக்கும் இந்த வகையில் வேறுபாடு இல்லை. எங்கே வாழ்ந்தேன் என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும்.

யாருமே கேட்காவிட்டால்

ஒவ்வொரு நாட்டிலும் 183 நாளுக்குக் குறைவாகத் தங்கிக்கொண்டே போனால் எங்கும் வரி கட்ட வேண்டாம் என்ற யோசனை இணைய உழைப்பாளர்களிடையே பரவலாக உலவுகிறது. இது ஆபத்தான அரைகுறை அறிவு. பல நாடுகளில் 183 என்பது ஒரு சோதனை மட்டும். ஜெர்மனியில் ஒருவர் தம் பயன்பாட்டுக்கென ஒரு வீட்டை வைத்திருந்தாலே வதிவாளராகக் கருதப்படலாம். ஒரு நாட்டில் அமர்ந்து செய்த வேலைக்கு, நாள் குறைவாக இருந்தாலும், மூல உரிமையில் அந்த நாடு வரி கேட்கலாம்.

இந்தியா இந்த இடைவெளியை நேரடியாகவே அடைத்தது. எந்த நாட்டிலும் வதிவிடம் காரணமாக வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகன், வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 லட்சம் ரூபாய்க்கு மேல் ஈட்டினால், ஒரு நாள்கூட இந்தியாவில் இல்லாவிட்டாலும் வதிவாளராகக் கருதப்படுவார். 2020 பிப்ரவரி 1 அன்று நிதிநிலை அறிக்கையில் இது அறிவிக்கப்பட்டபோது வளைகுடா நாடுகளில் உழைக்கும் லட்சக்கணக்கானோர் கலங்கினார்கள். வரியில்லா நாட்டில் நேர்மையாக உழைத்துப் பெறும் சம்பளத்துக்கு இது பொருந்தாது என்று மறுநாளே அரசு விளக்கம் தந்தது. இறுதிச் சட்டத்தில் 15 லட்ச வரம்பும் சேர்ந்தது.

இப்படிக் கருதப்படுபவர் சாதாரண வதிவாளர் அல்லாத வகையில் வருவார்; அவருடைய வெளிநாட்டு வருமானம் பொதுவாக விடப்படும். அதற்கு ஒரு விலக்கு உண்டு: இந்தியாவிலிருந்து நிர்வகிக்கப்படும் வணிகமோ, இந்தியாவில் நிறுவப்பட்ட தொழிலோ ஈட்டும் வருமானம் விடப்படாது. சென்னையில் தொடங்கிய ஃப்ரீலான்ஸ் தொழிலை அப்படியே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர் இந்த வாசகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

துபாயும் முன்புபோல் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது. ஆனால் 2023 ஜூன் முதல் தொடங்கும் கணக்கு ஆண்டுகளுக்கு 9 சதவீத நிறுவன வரி வந்துவிட்டது. தன் பெயரில் தொழில் செய்யும் தனிநபரின் ஆண்டு வரவு 10 லட்சம் திர்ஹத்தைத் தாண்டினால் அவரும் அதற்குள் வருகிறார்.

விசா வேறு, வரி வேறு

பெருந்தொற்றுக்குப் பின் நாடோடி இணைய உழைப்பாளர்களை அழைக்க நாடுகள் போட்டியிட்டன. எஸ்டோனியா 2020 ஆகஸ்டில் அவர்களுக்கெனத் தனி விசா தொடங்கியது. மலேசியா 2022இல் டி.இ. ரந்தாவ் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஸ்பெயின் அதே ஆண்டு இறுதியில் சட்டம் இயற்றியது. இவற்றுள் சில வரிச் சலுகையும் தருகின்றன, பல தருவதில்லை. விசா தங்க அனுமதிக்கிறது. வரியை வரிச் சட்டமே தீர்மானிக்கிறது. எஸ்டோனியா 2014 முதல் வழங்கும் மின்-வதிவு அட்டையைப் பற்றியும் இதே குழப்பம் உண்டு. அந்த அட்டை நிறுவனம் தொடங்க உதவும். யாரையும் எஸ்டோனியாவின் வரி வதிவாளர் ஆக்காது.

விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வெளிநாட்டில் ஈட்டிய பணத்தைத் தாய்லாந்துக்கு அடுத்த ஆண்டு கொண்டுவந்தால் வரி இல்லை என்ற பழைய நடைமுறை 2024 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. இலங்கையில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்த சேவைக்கு அந்நியச் செலாவணியில் வங்கி வழியே வந்த வருமானம் வரிவிலக்குப் பெற்றிருந்தது. 2025 ஏப்ரல் முதல் அதற்கு உச்சமாக 15 சதவீத வரி. அதே வேளையில் தனிநபர் விலக்கு 12 லட்சத்திலிருந்து 18 லட்சம் ரூபாயாக உயர்ந்தது.

நிறுவனங்களுக்கும் இதில் கவலை உண்டு. ஊழியர் வேறு நாட்டில் தன் வீட்டிலிருந்தே வேலை செய்தால், அந்த வீடு நிறுவனத்தின் நிலையான பணியிடமாகி, அங்கே நிறுவன வரி விழுமோ என்ற அச்சம் அது. வேலை நேரத்தில் பாதிக்கும் குறைவாகவே அங்கிருந்து உழைத்தால் பொதுவாக அப்படிக் கருதப்படாது என்று 2025 நவம்பரில் ஓ.இ.சி.டி. தன் விளக்கவுரையில் சேர்த்தது. வரவேற்க வேண்டிய தெளிவு இது.

மறைவிடம் இல்லை

கண்ணில் படாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. வங்கிக் கணக்குத் தகவல்களை நாடுகள் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் பொது அறிக்கை முறைக்கு 2014இல் ஒப்புதல் கிடைத்தது. இந்தியா 2017இல் பரிமாற்றத்தைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் இணையத் தளங்கள் தம் வழியே சம்பாதிப்பவர்களின் விவரத்தை வரித் துறைக்குத் தருகின்றன. வெளிநாட்டுச் சொத்தைக் கணக்கில் காட்டாத சாதாரண வதிவாளருக்கு 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டம் 10 லட்சம் ரூபாய் அபராதம் வைத்திருக்கிறது. அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் தளர்த்தப்பட்டது. வெளிநாட்டுப் பணப்பைக் கணக்கில் சில ஆயிரம் ரூபாய் வைத்திருந்த சிறியவர்களையும் பெரும் வரி ஏய்ப்பாளர்களையும் ஒரே தட்டில் நிறுத்திய விதி அது, தளர்த்தியது சரியே.

செய்ய வேண்டியவை

உழைப்பவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆனால் அதை ஆண்டு முழுவதும் செய்ய வேண்டும். எந்த நாட்டில் எத்தனை நாள் என்று பாஸ்போர்ட் முத்திரையோடும் விமானச் சீட்டோடும் எழுதி வைப்பது. வாடகை ஒப்பந்தத்தையும் மின் கட்டண ரசீதையும் சேர்த்து வைப்பது. எந்த வருமானம் கூலி, எது உரிமத்தொகை என்று பிரித்து வைப்பது. வாழும் நாட்டின் வதிவிடச் சான்றிதழை ஆண்டுதோறும் பெறுவது. நாடு மாறும் ஆண்டில், மாறுவதற்கு முன்பே, இரு நாட்டு விதியும் தெரிந்த ஆடிட்டரிடம் போக வேண்டும். பின்னால் கொடுக்கும் அபராதத்தைவிட அந்தக் கட்டணம் குறைவு.

அரசுகள் செய்ய வேண்டியது இதைவிட அதிகம். 2020 ஊரடங்கில் விமானம் இல்லாமல் இந்தியாவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு 2019-20ஆம் ஆண்டுக்கு நாள் கணக்கில் விலக்கு தரப்பட்டது. அடுத்த ஆண்டுக்கு அப்படிப் பொது விலக்கு வரவில்லை. இரட்டை வரியில் சிக்கியவர்கள் தனித்தனியே விண்ணப்பிக்கச் சொன்னார்கள். தன் கையில் இல்லாத காரணத்தால் தங்க நேர்ந்த நாள்களைக் கழிக்க நிரந்தர விதி ஒன்று சட்டத்திலேயே வேண்டும். ஆண்டின் நடுவில் நாடு மாறுபவருக்கு ஆண்டைப் பிரித்துக் கணக்கிடும் வசதி பிரிட்டனில் இருக்கிறது. இந்தியாவிலும் வர வேண்டும். வெளிநாட்டில் பிடிக்கப்பட்டு இங்கே கழிக்க முடியாமல் போகும் வரியைச் சிறு வருமானக்காரர்கள் அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்ல அனுமதிக்க வேண்டும். மாலுமிகளுக்கு வந்ததுபோல் இணைய உழைப்பாளர்களுக்கும் ஒரு தெளிவான சுற்றறிக்கை வேண்டும். அது தமிழ் உள்ளிட்ட மொழிகளில், ஆடிட்டர் துணையில்லாமல் புரியும்படி இருக்க வேண்டும்.

பெரும் செல்வர்களுக்கு வதிவிடத்தைத் திட்டமிட்டுத் தர வல்லுநர்கள் இருக்கிறார்கள். மாதம் சில நூறு டாலர் சம்பாதிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் ஆசிரியைக்கும் அப்படி யாரும் இல்லை. சட்டம் கடினமாக இருக்கும்போது அதன் சுமை இவர்கள் மேல்தான் விழுகிறது. இவர்களில் பெரும்பாலோர் வரி கட்ட மறுப்பவர்கள் அல்லர். எங்கே, எவ்வளவு என்று அறிய விரும்புகிறவர்கள். தான் வாழும் நாட்டின் சாலையையும் மருத்துவமனையையும் பயன்படுத்துகிற ஒருவர் அந்நாட்டுக்குத் தன் பங்கைத் தருவது முறை. அந்தப் பங்கு எவ்வளவு என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லிவிட்டு, ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை கேட்காமல் இருப்பது அரசுகளுக்கு முறை.